ஹுசைன் சாரின் மாதிரி வாக்கியம்

என் இடது கைச் சுண்டுவிரல் முழுதாக மடங்காது. ஜெராக்ஸ் மிஷினில் தாளை அடுக்கும்போது அது மட்டும் தனியே நீட்டிக்கொண்டு நிற்கும். கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், "அது இங்கிலீஷ் படிச்ச விரலு" என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை.

அந்த விரலை அப்படி ஆக்கியவர் முகம்மது ஹுசைன் சார். கடையநல்லூர்க்காரர். நாற்பது வருஷத்துக்கு முன்பு வேலைக்காகச் சங்கரன்கோவில் வந்து, மனைவி அலிமா பீவியோடு இங்கேயே தங்கிவிட்டார். இன்றும் உயிரோடுதான் இருக்கிறார். அதனால் அவரைப் புகழ்ந்து எழுதவேண்டிய கட்டாயம் எனக்கில்லை. புகழும் எண்ணமும் இல்லை. ஆனால் அவரைத் திட்டி எழுதலாம் என்று உட்கார்ந்தால், இரண்டாவது பக்கத்திலேயே என் பெயரும் வந்துவிடுகிறது.

நான் பத்தாம் வகுப்பு படித்தது திருவேங்கடம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஹுசைன் சார் ஆங்கிலம் எடுத்தார். அவர் கையில் எப்போதும் ஒரு தேக்கு ஸ்கேல் இருக்கும். முதல் நாள் என் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய், "கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மிச்சத்தைத் தோலை உரிச்சிருங்க சார்" என்று சொல்லி ஒப்படைத்தார். எல்லா அப்பாக்களும் அப்படித்தான் சொன்னார்கள். சார் அதை வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை, உரித்தார். ஸ்கேலைக் குறுக்கே திருப்பி விரல் மூட்டில் போடுவார். என் விரலில் ஒருநாள் மூன்று அடி விழுந்தது, மூன்றாவதில் சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்து விரலைக் காட்டியபோது அப்பா, "நீ என்னலே செஞ்ச?" என்று கேட்டு, இன்னொன்று வைத்தார்.

அடி அவருக்குப் பாடத்தின் ஒரு பகுதி. பாடமும் அடியாகவே இருந்தது. ஆங்கிலத்தில் காலங்கள் பன்னிரண்டு என்பார். பன்னிரண்டுக்கும் ஒரே வினைச்சொல்லைத்தான் எடுப்பார்: பீட். அடிக்கிறான், அடித்தான், அடிப்பான், அடித்துக்கொண்டிருக்கிறான். எல்லாருக்கும் தெரிந்த காரியம் என்பதால் சீக்கிரம் மண்டையில் ஏறும் என்று அவருடைய கணக்கு. ஏறவும் செய்தது.

பதினொன்றாவதாக வருவது பாஸ்ட் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ். அதற்குத் தமிழில் நேரான வடிவம் கிடையாது, நாம் பேச்சில் எப்படியோ சமாளித்துக்கொள்கிறோம். சார் கரும்பலகையில் நீளமாக ஒரு கோடு போட்டு, அதன் முடிவில் குறுக்கே ஒரு வெட்டு வெட்டுவார். "இந்த வெட்டு ஒரு சம்பவம். யாரோ வாரான், எதுவோ நடக்கு. அதுக்கு முன்னாடியே ஒரு காரியம் ரொம்ப நேரமா நடந்துக்கிட்டே கெடந்திருக்கு. அதுதான் இந்தக் கோடு. வெட்டை எல்லாரும் பாப்பான். கோட்டைச் சொல்லுததுக்குத்தாம்லே இந்த டென்ஸ்." பிறகு மாதிரி வாக்கியம். தி டீச்சர் ஹேட் பீன் பீட்டிங் தி பாய் ஃபார் டென் மினிட்ஸ் வென் தி ஹெட்மாஸ்டர் கேம். ஹெட்மாஸ்டர் வருவதற்கு முன்பே பத்து நிமிஷமாக வாத்தியார் பையனை அடித்துக்கொண்டிருந்தார். வகுப்பே சேர்ந்து கத்தும். இருபத்தெட்டு வருஷமாகிறது, எனக்கு இன்னும் மறக்கவில்லை.

காலம் மாறியது. பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்று உத்தரவுகள் வந்தன. ஒரு பெற்றோர் போலீஸ் வரை போனார். சார் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, ராஜபாளையம் ரோட்டில் ஒரு மாடியில் டுடோரியல் ஆரம்பித்தார். அந்த மாடிக்குக் கீழேதான் என் ஜெராக்ஸ் கடை. விதி என்று சொல்லமாட்டேன், அந்தக் கட்டடத்தில் வாடகை குறைவு. தினமும் காலையில் படியேறும்போது, "என்ன விஜயராஜு, நல்லாருக்கியா?" என்பார். "இருக்கேன் சார்" என்பேன். விரலைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

மாடியில் வந்து படித்தவர்கள் வளர்ந்தவர்கள். டிஎன்பிஎஸ்சி எழுதுகிறவர்கள், வளைகுடாவுக்குப் போக இருப்பவர்கள், துறைத் தேர்வு எழுதும் குமாஸ்தாக்கள். அவர்களை அடிக்க முடியாது. ஸ்கேல் போய்விட்டது, வினைச்சொல் மட்டும் தங்கிவிட்டது. இன்னொரு வழக்கமும் தங்கியது. தினம் ஐந்து வாக்கியம் எழுதிக்கொண்டு வரவேண்டும், கைடைப் பார்த்து எழுதக்கூடாது. "ஒன் வீட்ல நடந்ததை எழுது. பொய் எழுதினா இங்கிலீஷ் வராது." ஒவ்வொரு பக்கத்தையும் படித்து, திருத்தி, தேதி போட்டுச் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவார். இந்த ஒழுங்கில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

ஜெபிதா வந்தது ஒரு சித்திரை மாதம். வயது இருபத்தொன்பது. பனவடலிசத்திரத்தில் பிறந்த பெண். சங்கரன்கோவிலில் ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸ். ஓமனில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், ஆங்கிலப் பரீட்சையில் தேறினால் போகலாம் என்ற நிலை. புருஷன் ஜெபஸ்டின் அதே ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். வெளியே நல்ல பேச்சு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை. அவள் வெளிநாடு போவதில் அவனுக்கும் சம்மதம்தான் என்று சொல்லிக்கொண்டான். சித்திரை வெயிலில் அந்தப் பெண் மணிக்கட்டு வரை மூடும் கை வைத்த சட்டை போட்டுக்கொண்டு வருவாள். நர்ஸ் வேலைக்கு அதுதான் வசதி போலும் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் சார் ஒரு நோட்டோடு கீழே இறங்கி வந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

"விஜயராஜு, இதப் பாரு. இத்தனை வருஷத்துல பாஸ்ட் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸை இப்படி ஒருத்தரும் எழுதல. ஒரு தப்பு கெடையாது. நாப்பது காப்பி போடு. எல்லா பேட்ச்சுக்கும் மாடலா குடுக்கணும்."

பக்கத்தின் மேலே ஜெபிதா என்று பெயர் இருந்தது. தாள் உள்ளே போய் வெளியே வரும் நேரத்தில் நானும் படித்தேன். எனக்கு அந்த அளவு ஆங்கிலம் வரும், விரலைக் கொடுத்துக் கற்றது. ஐந்து வாக்கியம். நான் சோறு வடித்து முடித்தபோது, என் கணவர் அரை மணி நேரமாகக் கதவை உதைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டபோது, அவர் என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதிக்கொண்டிருந்தார். கரண்டு வந்தபோது, நான் ஒரு மணி நேரமாகக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருந்தேன். இப்படி ஐந்து. ஓரத்தில் சிவப்பு மையில் 'வெரி குட்'. கீழே தேதி, கையெழுத்து.

எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். சார் சொல்லிக் கொடுத்த பீட் வாக்கியத்தையே இந்தப் பெண் நன்றாக மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறது என்று தோன்றியது. மனசுக்கு அடியில் ஒரு நொடி வேறு ஒன்றும் தோன்றியது. அதற்குள் மிஷினில் தாள் சிக்கிக்கொண்டது. அதை இழுத்து எடுத்துவிட்டு மிச்சத்தைப் போட்டேன்.

மறுநாள் ஜெபிதா வந்தாள். மாடியில் எல்லார் கையிலும் தன் கையெழுத்தைப் பார்த்திருக்கிறாள். படியிறங்கி நேரே என் கடைக்கு வந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"எத்தனை காப்பி போட்டீங்க அண்ணாச்சி?"

"நாப்பது. என்னம்மா?"

"அதெல்லாத்தையும் திரும்ப வாங்கிர முடியுமா?"

சார் பின்னாலேயே இறங்கி வந்தார். "நல்லா எழுதினா நாலு பேரு படிக்கத்தானம்மா செய்யணும். இதுல என்ன வெக்கம்?" என்றார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஏதோ கேட்கப்போகிறார் என்று காத்திருப்பவளைப்போல நின்றாள். பிறகு போய்விட்டாள். அடுத்த பாடத்துக்கும் அவளுடைய பக்கத்தையே காப்பி போடவேண்டும் என்று சார் அந்த நோட்டை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

பெட்ரோல் பங்க்கில் வேலை பார்க்கும் சங்கரசுப்பு அந்த பேட்ச்சில் படித்தான். நல்லவன், வாய்தான் நிற்காது. ஆடித்தபசுத் திருவிழா அன்று காலையில் பைக் ஸ்டாண்டைப் பற்றவைக்க ஜெபஸ்டின் பட்டறைக்குப் போனவன், அந்தத் தாளை எடுத்து நீட்டினான். "அண்ணாச்சி, ஒங்க வீட்டம்மா எழுதினதைத்தான் சார் எங்க எல்லாருக்கும் மாடலா குடுத்திருக்காரு. நீங்க குடுத்து வச்சவரு." பாராட்டத்தான் சொன்னான். அது என்ன வாக்கியம் என்று படிக்கவில்லையா என்று பிறகு அவனிடம் கேட்டேன். "படிச்சேன். எக்சாம்பிள்தானன்னு நெனச்சேன்" என்றான். நான் அவனை என்ன சொல்ல முடியும்?

ஜெபஸ்டின் ஐடிஐ படித்தவன், தாளைப் படிக்க அவனால் முடிந்தது. சங்கரசுப்பு போனதும் அவளுக்குப் போன் பண்ணி, பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுவரச் சொன்னான். உச்சி வெயில் நேரம். ஊர் முழுக்கக் கோவில் பக்கம் போய்விட்டது. ரோட்டில் ஆளில்லை, கடைகள் அடைத்திருந்தன, ஒலிபெருக்கி மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் உள்ளே வந்ததும் ஷட்டரை இழுத்துவிட்டான்.

நடந்ததை அவள் கோர்ட்டில் சொன்னபடி எழுதுகிறேன். முதலில் இரும்புக் குழாயால் முகத்தில் அடித்தான், தாடை உடைந்தது. கீழே விழுந்தவளை விலாவில் உதைத்தான், மூன்று எலும்பு. பிறகு அந்தத் தாளை அவள் முகத்துக்கு நேரே பிடித்து, "எந்தக் கையால எழுதுன?" என்று கேட்டான். அவளுக்குப் பேச வாயில்லை. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் அவளுடைய வலது கையை வைத்து முறுக்கினான். ஒரு விரல் உடைந்ததும் தளர்த்தி, அடுத்த விரலை வைத்தான். நான்கு விரல். கட்டைவிரலை வைக்கும்போது, லாரிக் கதவைப் பற்றவைக்க வந்த டிரைவர் ஒருவர் ஷட்டரைத் தட்டினார். அந்த டிரைவர் எந்த ஊர், என்ன பெயர் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. அவர் தட்டிவிட்டுப் போய்விடாமல், உள்ளே முனகல் கேட்டு ஷட்டரைத் தூக்கினார். அதனால்தான் ஜெபிதா உயிரோடு இருக்கிறாள்.

மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்றான் ஜெபஸ்டின். டிரைவர் பார்த்ததைச் சொன்னதும், குடும்பச் சண்டை, ஏதோ ஆத்திரத்தில் கை நீண்டுவிட்டது, கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை என்றான். இதற்கு முன் போலீஸில் ஒரு புகார்கூடக் கிடையாது. அவன் ஆட்களுக்கு அந்த நோட்டு ஞாபகம் வந்தது. ஒரு தாள் இருந்தால் ஒரு நோட்டே இருக்கும் அல்லவா?

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு அவனுடைய அண்ணனும் இரண்டு பேரும் மாடியேறினார்கள். அன்று வகுப்பு இல்லை, சார் தனியாக இருந்தார். "நோட்டு எங்கவே?" என்ற சத்தம் எனக்குக் கீழே தெளிவாகக் கேட்டது. பிறகு பெஞ்சு விழுந்த சத்தம். பிறகு அடி. அடியின் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

நோட்டு என் மேஜையில் இருந்தது, பில் புத்தகத்துக்கு அடியில். சாருக்கும் அது தெரியும். அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் மூன்று பேரும் கீழே இறங்குவார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஷட்டரை இறக்கி உள்ளே பூட்டிக்கொண்டு, நோட்டைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மேலே கால்மணி நேரம் அடித்தார்கள். அவருக்கு அறுபத்திரண்டு வயது. அவர் கத்தியதெல்லாம் கேட்டது, என் பெயர் கேட்கவில்லை.

அவர்கள் போனபிறகு மேலே போனேன். மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். நெற்றி பிளந்து தாடியெல்லாம் ரத்தம். ஒரு பல் தரையில் கிடந்தது. தூக்கி உட்கார வைத்ததும் முதலில் கேட்டது, "நோட்டு இருக்கா?" இருக்கிறது என்றேன். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ஏலே விஜயராஜு, ரொம்ப வலிக்குலே."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இருபத்தாறு வருஷம் கழித்துத்தானா ஒரு வாத்தியாருக்கு இது தெரிய வேண்டும்?

பதினான்கு தையல் போட்டார்கள். தையல் பிரிப்பதற்கு முன்பே நோட்டைப் போலீஸில் கொடுத்தார். அறுபத்தொரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, சிவப்புக் கையெழுத்து.

வழக்கு இரண்டு வருஷம் நடந்தது. சார் சாட்சி சொன்ன நாளில் நானும் கூடப் போயிருந்தேன். அலிமா பீவி அம்மா அவருக்கு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு, "உள்ளதைச் சொல்லிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்களாம். ஜெபஸ்டினுக்கு மதுரையிலிருந்து வந்த பெரிய வக்கீல். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"நீங்கள் பாடம் நடத்தும்போது எல்லா வாக்கியத்துக்கும் 'அடி' என்ற வினைச்சொல்லைத்தான் சொல்லிக் கொடுப்பீர்கள், இல்லையா?"

"ஆமா."

"உங்கள் மாணவர்கள் முப்பத்தைந்து பேருடைய நோட்டுகள் இங்கே இருக்கின்றன. எல்லாவற்றிலும் யாரோ யாரையோ அடிக்கிறார்கள். அவர்கள் வீட்டிலெல்லாம் அடிதடி நடந்ததா?"

"இல்ல. நான் குடுத்த வாக்கியத்தை மாத்தி எழுதுனது."

"அப்படியானால் இந்தப் பெண் எழுதியதும் பயிற்சிதான். நீங்களும் பயிற்சி என்று நினைத்ததால்தான் வெரி குட் போட்டீர்கள், நாற்பது பேருக்குக் கொடுத்தீர்கள். சரிதானே?"

வக்கீல் அவருக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தார். ஆமாம் பயிற்சிதான், நான் அப்பாவியாக நம்பிவிட்டேன் என்று சொல்லி இறங்கிவிடலாம். அவர் பெயருக்கு ஒரு குறையும் வராது. ஜெபஸ்டினுக்கும் அதுதான் வேண்டியது. ஆறு வருஷக் கதை அழிந்துபோய் ஒருநாள் ஆத்திரம் மட்டும் மிஞ்சும். முன்வரிசையில் ஜெபிதா உட்கார்ந்திருந்தாள். மடியில் வலது கை, விரல்கள் ஒன்றோடொன்று கோணி ஒட்டியிருந்தன. ஊசி பிடிக்க முடியாத கை அது. ஓமன் எல்லாம் எப்போதோ முடிந்துபோயிருந்தது.

"இல்ல" என்றார் சார். "எனக்குத் தெரியும். நாலாவது நாளே தெரியும். மத்தவங்க எழுதினதுல வாத்தியார் வருவாரு, பையன் வருவான், ஹெட்மாஸ்டர் வருவாரு. இந்தப் புள்ள எழுதினதுல எந்தச் சுவரு, எந்தக் கட்டில், கரண்டு எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு எல்லாம் இருந்துச்சு. கையில காயம் இருந்ததையும் பாத்தேன்."

"தெரிந்தும் அறுபத்தொரு நாள் சும்மா இருந்தீர்களா? நம்பும்படியாக இல்லையே. ஏன்?"

சார் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "வாக்கியம் நல்லா இருந்துச்சு" என்றார். பிறகு, "வீட்டுல விழுற அடிதானன்னு நெனச்சேன். நானும் அடிச்சுப் பழகினவன். பள்ளிக்கூடத்துல பிள்ளைகள இருவத்தெட்டு வருஷமா அடிச்சுக்கிட்டே இருந்தேன். அந்தா நிக்கானே, விஜயராஜு, அவன் வெரல ஒடச்சதும் நான்தான். எனக்கு அடி ஒரு பெரிய விஷயமாத் தோணல. அதுதான் காரணம். வேற காரணம் இல்ல."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜெபஸ்டினுக்குப் பத்து வருஷம் கொடுத்தார்கள். நோட்டு இல்லாவிட்டால் மூன்றோ நான்கோதான் வந்திருக்கும் என்று அரசு வக்கீல் சொன்னார். தீர்ப்பு நாளில் கோர்ட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஜெபிதா பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். சார் அவளிடம் போனார். நானும் போனேன். தாடை சரியாக ஒட்டாததால் அவள் பேச்சு கொஞ்சம் குழறும்.

"என்னை மன்னிச்சிரும்மா" என்றார் சார்.

"எனக்கு யாருகிட்டயும் சொல்ல வாய் வரல சார்" என்றாள். "நீங்க தெனமும் படிச்சு, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டீங்க. இன்னைக்குக் கேப்பாரு, நாளைக்குக் கேப்பாருன்னுதான் நான் எழுதிக்கிட்டே இருந்தேன். பரீட்சைக்கு நான் எழுதல."

சார் தலையைக் குனிந்துகொண்டார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் படிச்சீங்கதானே அண்ணாச்சி?"

இல்லை, தாள்தான் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். "படிச்சேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பனவடலிசத்திரம் பஸ் வந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்து அவள் ஏறிப் போனாள்.